சிங்கப்பூர் – நியூயார்க் நேர் ஃபிளைட்: 17 மணி நேரமா, 18½யா, 19½யா?

செல்வி_ஈசூன்
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவ அக்டோபர் கடைசியில நியூ ஜெர்சி அனுப்பணும். தங்கச்சி எடிசன்ல இருக்கா, அவளுக்கு குழந்தை பொறக்கப் போகுது. அம்மாவுக்கு 68 வயசு, சுகர் இருக்கு, முழங்கால் வலி இருக்கு, தனியாத்தான் போறாங்க. நடுவுல எங்கயும் இறங்கி ஏறாம நேரா போயிடலாம்னு நியூயார்க் ஃபிளைட் பாத்துட்டு இருக்கேன். பிரச்சனை என்னன்னா ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு நேரம் போட்டிருக்கு. தூரக் கணக்கு ஒண்ணுல 15,350 கிமீ, 17 மணி நேரம்னு வருது. இன்னொண்ணுல அதே தூரம் ஆனா 19½ மணி நேரம். டிக்கெட் போடற எடத்துல 18 மணி 40 நிமிஷம். டிக்கெட்டுல ராத்திரி 12 தாண்டி கிளம்பி அதே தேதி காலைல 7 மணிக்கு இறங்குதுன்னு வேற போட்டிருக்கு, அம்மா அத பாத்துட்டு ஆறேழு மணி நேரம்தானே, மெட்ராஸ் போற மாதிரிதான்னு நினைச்சுட்டு இருக்காங்க. சுகர் மாத்திரைய எத்தன மணிக்கு போடணும், எத்தன வேளை சாப்பாடு வரும்னு எழுதிக் குடுக்கணும், அதனாலதான் சரியான நேரம் தெரியணும்னு கேக்கறேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வான்பித்தன்
செல்வி அக்கா, மூணுமே ஒரே தூரத்த வச்சு வந்த நேரம்தான், வகுத்த விதம்தான் வேற வேற. முதல் கணக்கு விமானம் மேல ஏறினப்புறம் சீரா பறக்கற வேகம் (க்ரூஸ்) மணிக்கு 900 கிமீன்னு எடுத்துக்கிட்டு 15,350ஐ அதால வகுத்திருக்கு, 17 மணி நேரம் வந்திருச்சு. ரெண்டாவது மணிக்கு 500 மைல்னு ஒரு பொதுவான வேகம் வச்சு வகுத்துட்டு, ஏறி இறங்கறதுக்குன்னு ஒரு அரை மணி கூட்டியிருக்கு. 500 மைல்னா 805 கிமீ, வகுத்துப் பாருங்க 19 மணி வரும், அரை மணி சேத்தா உங்க 19½. ரெண்டுக்கும் காத்து தெரியாது, எந்த நாட்டு வான்வழி திறந்திருக்கு எது மூடியிருக்குன்னு தெரியாது. எந்த ரெண்டு ஊர் குடுத்தாலும் இதே மாதிரிதான் வகுக்கும்.

டிக்கெட்டுல இருக்கறத நம்புங்க. அது பிளாக் டைம். ஏர்போர்ட் கேட்ட விட்டு விமானத்த பின்னாடி தள்ளின நிமிஷத்துலேருந்து அந்தப் பக்கம் கேட்டுல போய் நிக்கற வரைக்கும் உள்ள நேரம், தரையில உருண்டு போறது, ரன்வேக்கு க்யூல நிக்கறது எல்லாம் அதுல அடக்கம். ஏர்லைன்ஸ்காரங்க போன வருஷங்கள்ல அதே சீசன்ல அதே ஃபிளைட் எவ்வளவு நேரம் எடுத்துச்சுன்னு பாத்துத்தான் இத போடறாங்க, அதான் கோடைக்கும் குளிருக்கும் ஒரே ஃபிளைட்டுக்கு வேற வேற நேரம் இருக்கும். வானத்துல இருக்கற நேரம் மட்டும்னா 18 மணிக்கு கொஞ்சம் கீழயோ மேலயோ வரும். 2018 அக்டோபர் 11 ராத்திரி சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த ரூட்ட மறுபடி ஆரம்பிச்சப்போ முதல் ஃபிளைட் நெவார்க் (நியூயார்க் பக்கத்துல, நியூ ஜெர்சியில இருக்கற ஏர்போர்ட்) போய்ச் சேர 17 மணி 52 நிமிஷம்தான் ஆச்சு.

அம்மாகிட்ட நேரத்த இப்படி சொல்லுங்க: அக்டோபர்ல நியூயார்க் நமக்கு 12 மணி நேரம் பின்னாடி. அங்க காலை 7ன்னா இங்க சாயந்திரம் 7. அம்மா ராத்திரி 12 தாண்டி ஏறி, விடிஞ்சு அன்னிக்கு சாயந்திரம் 7 வரைக்கும் உக்காந்திருக்காங்க, அவ்ளோதான்.

கணக்கு_வாத்தியார்
தம்பி நேரத்த சொல்லிட்டாரு, தூரத்த நான் சொல்றேன், ஏன்னா இந்த ரெண்டு ஊரும் கணக்கு வாத்தியாருக்குன்னே அமைஞ்ச மாதிரி இருக்கு. சாதாரணமா ரெண்டு ஊருக்கு நடுவுல வளைகோட்டு தூரம் (உருண்டையான பூமிமேல குறைஞ்ச தூரம்) கண்டுபிடிக்க சைன் கொசைன் எல்லாம் வேணும், இதுக்கு கூட்டல் கழித்தல் போதும்.

சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட் இருக்கறது கிழக்கு தீர்க்கரேகை 104 பக்கம். நியூயார்க் ஜேஎஃப்கே ஏர்போர்ட் இருக்கறது மேற்கு தீர்க்கரேகை 73.8. ரெண்டையும் கூட்டுங்க, 177.8. கிட்டத்தட்ட 180. அப்படின்னா ரெண்டு ஊரும் பூமிக்கு நேர் எதிர் எதிர் பக்கத்துல இருக்கற தீர்க்கரேகைகள்ல உக்காந்திருக்கு. அப்ப குறுக்கு வழி எதுன்னா நேரா வடக்க ஏறி வட துருவத்த தாண்டி அந்தப் பக்கம் நேரா தெக்க இறங்கறதுதான். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்க 1.35 டிகிரி, ஜேஎஃப்கே 40.64 டிகிரி. கூட்டினா 42. 180லேருந்து கழிச்சா 138 டிகிரி. ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல், ஆக 8,280 கடல் மைல், 1.852ஆல பெருக்கினா 15,335 கிமீ. பூமி துருவத்துல லேசா தட்டையா இருக்கறதால இன்னும் பத்து பதினஞ்சு கிமீ கூடும். செல்வி பாத்த 15,350 வந்துருச்சு பாருங்க.

நம்பிக்கை இல்லாதவங்க வீட்ல குளோப் இருந்தா ஒரு நூல எடுத்து சிங்கப்பூர்ல ஒரு முனைய அழுத்திப் பிடிச்சு நியூயார்க் வரைக்கும் இழுத்துக் கட்டிப் பாருங்க. நூல் தானா வழுக்கிட்டு மேல ஏறி துருவத்துகிட்ட போய் நிக்கும். 30 செமீ குளோப்னா நூல் 36 செமீ இருக்கும். அந்த நூல் போற வழிய பாருங்க: தாய்லாந்து, லாவோஸ், சீனாவுல செங்டு பக்கம், மங்கோலியா, பைக்கால் ஏரிக்கு மேற்கே சைபீரியா, வட துருவத்துக்கு 300 கிமீக்குள்ள, அப்புறம் கனடாவோட பனித்தீவுகள், மான்ட்ரியல் தலைக்கு மேல, நியூயார்க். சுவத்துல மாட்டுற தட்டை மேப்ல இத பாக்கவே முடியாது. அதுல ரெண்டு ஊரும் ரெண்டு ஓரத்துல இருக்கும், பசங்க எல்லாரும் ஸ்கேல வச்சு குறுக்க கோடு போடுவாங்க.

செல்வி_ஈசூன்
வாத்தியார் சார் ரொம்ப நன்றி, என் பையன உக்கார வச்சு இத போட்டுக் காமிச்சேன். ஆனா ஒரு சந்தேகம். இந்த ஃபிளைட்ல போன என் ஃப்ரெண்ட் சீட் முன்னாடி இருக்கற திரைய போட்டோ எடுத்து அனுப்பியிருந்தா, அதுல விமானம் ஜப்பானுக்கு வெளியில பசிபிக் கடல்மேல இருக்கு, அலாஸ்கா பக்கம் போயிட்டு இருக்கு. வட துருவம் பக்கம் தலையே வைக்கல. அப்ப 15,350 கிமீ எங்க போச்சு?

வான்பித்தன்
அக்கா இதுதான் இந்த ரூட்டுலயே ரொம்ப அழகான விஷயம், கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கங்க.

வாத்தியார் சார் சொன்னது நிலத்துமேல குறைஞ்ச தூரம். பைலட்டுக்கும் கீழ ஆஃபீஸ்ல ரூட் போடற டிஸ்பேச்சருக்கும் வேண்டியது அது இல்ல, குறைஞ்ச நேரம், குறைஞ்ச எரிபொருள். ஜப்பானுக்கு மேலேருந்து வட பசிபிக்க தாண்டி அமெரிக்கா வரைக்கும் 30,000, 40,000 அடி உயரத்துல மேற்குலேருந்து கிழக்க ஒரு காத்து ஓடுது, ஜெட் ஸ்ட்ரீம். குளிர்காலத்துல மணிக்கு 200, 300 கிமீ வரைக்கும் கூட வேகம் இருக்கும். அதுல நுழைஞ்சா விமானத்தோட சொந்த வேகம் 900 தான், ஆனா தரைய வச்சுப் பாத்தா 1,100க்கு மேல போயிட்டு இருக்கும், உங்க ஃப்ரெண்ட் போட்டோவுல கிரவுண்ட் ஸ்பீடுன்னு ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, அதுதான். அதுக்காக 1,000 கிமீக்கு மேல சுத்தி 16,500 கிமீ பக்கம் போறாங்க, தூரம் கூடுது, நேரம் கூடல. காத்து ஒவ்வொரு நாளும் இடம் மாறும், அதனால இன்னிக்கு போன வழில நாளைக்கு போகாது, ஒரு நாள் ஜப்பானுக்கு பக்கத்துல, ஒரு நாள் இன்னும் தெக்க நடுக்கடல்ல.

திரும்பி வரும்போது அதே பசிபிக் வழியா வந்தா அந்தக் காத்து எதிர்காத்து ஆயிடும். அதனால நியூயார்க்லேருந்து கிளம்பி பல நாள் அட்லாண்டிக் தாண்டி, ஐரோப்பா மேல, அப்படியே ஆசியா வழியா சிங்கப்பூர் வருவாங்க. அதாவது போறப்பவும் கிழக்க, வர்றப்பவும் கிழக்க! உங்க அம்மா போய்ட்டு வந்தாங்கன்னா பூமிய ஒரு முழு சுத்து சுத்தி வந்திருப்பாங்க. ரெண்டு ஊரும் எதிர் எதிர் தீர்க்கரேகைல இருக்கறதாலதான் இது முடியுது, எந்தப் பக்கமா போனாலும் தூரத்துல பெரிய வித்தியாசம் இல்ல, காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் போய்க்கலாம்.

துருவ வழி ஏன் இல்லன்னா, நூல் சைபீரியா மேல முழுசா போகுதுன்னு சார் சொன்னாரே, 2022 பிப்ரவரில உக்ரைன் போர் ஆரம்பிச்சதுலேருந்து நிறைய ஏர்லைன்ஸ் ரஷ்யா மேல பறக்கறது இல்ல. இதுல ரொம்ப அடிபட்டது ஹெல்சிங்கி–டோக்கியோதான். முன்னாடி 9½ மணி நேரத்துல போயிட்டு இருந்தாங்க, இப்ப ரஷ்யாவ சுத்திட்டு 13 மணி நேரம் பக்கம் ஆகுது, சில நாள் வட துருவத்துக்கு மேலயே போறாங்க. ரெண்டு ஊரும் இருந்த எடத்துலதான் இருக்கு, வளைகோட்டு தூரமும் ஒரு மீட்டர் மாறல. அதனாலதான் யாராவது ரெண்டு ஏர்போர்ட் பேர சொல்லி எவ்வளவு நேரம்னு கேட்டா, எந்த மாசம், எந்த ஏர்லைன்ஸ், எந்தப் பக்கம் போறதுன்னு திருப்பிக் கேக்கறேன்.

அம்பத்தூர்_தீபக்
ப்ரோ உலகத்த சுத்தி வர்றாங்கன்னு படிச்சதும் புல்லரிச்சிருச்சு. அப்ப சர்வதேச தேதிக் கோட்ட போறப்ப மட்டும் தாண்டறாங்க, வர்றப்ப தாண்டல. ஒரு நாள் லாபமா வருமா நஷ்டமா வருமா?

கணக்கு_வாத்தியார்
லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல தம்பி. சிங்கப்பூர் கடிகாரம் நியூயார்க்குக்கு 12 அல்லது 13 மணி நேரம் முன்னாடி, அது எந்த வழியா போனாலும் மாறாது. கிழக்க போறப்ப ஒவ்வொரு நேர மண்டலத்துலயும் ஒரு மணி நேரம் கூட்டிட்டே போவ, தேதிக் கோட்டுல 24 மணி நேரம் கழிப்ப, மொத்தத்துல 12 கழிச்ச இடத்துல வந்து நிப்ப. மேற்க போனா ஒவ்வொண்ணா 12 தடவை கழிச்சு அதே எடத்துக்கு வருவ. இத பசங்களுக்கு போர்டுல போட்டுக் காமிச்சா ரெண்டு நிமிஷம் அமைதியா உக்காந்திருப்பாங்க, அப்புறம் ஒருத்தன் மெதுவா கைய தூக்கி சார் அப்ப சுத்திட்டே இருந்தாம்பான். அந்த ஒரு கேள்விக்காகவே நான் இத நடத்துவேன்.

ராஜன்_புக்கிட்பாத்தோக்
நல்லா எழுதறீங்க எல்லாரும். நான் கொஞ்சம் பழைய ஆளு, கப்பல் கம்பெனி வேலையா 2000கள்ல இதே நேர் ஃபிளைட்ல நெவார்க் போய் வந்தவன். 2004ல ஆரம்பிச்சப்ப ஏர்பஸ் ஏ340-500 விமானம், நாலு எஞ்சின். 2008லேருந்து முழுக்க பிசினஸ் கிளாஸ், மொத்தமே 100 சீட்டுதான். நாலு எஞ்சினும் எண்ணெய குடிக்கும், எண்ணெய் விலை ஏறினதும் கட்டுப்படியாகல, 2013 நவம்பர்ல நிறுத்திட்டாங்க. அஞ்சு வருஷம் நேர் ஃபிளைட்டே கிடையாது.

செல்விக்கு என் யோசனை என்னன்னா, 68 வயசு, முழங்கால் வலின்னா நேர் ஃபிளைட் வேணாம்மா. ஃபிராங்க்ஃபர்ட் வழியா அதே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போகுது, அங்க எறங்கி கால நீட்டி நடந்துட்டு அதே விமானத்துல மறுபடி ஏறலாம். சிங்கப்பூர்–ஃபிராங்க்ஃபர்ட் 10,300 கிமீ, அங்கேருந்து நியூயார்க் 6,200, மொத்தம் 16,500. நேர் வழிய விட 1,150 கிமீதான் கூட. எகானமி சீட்டும் இருக்கு, நேர் ஃபிளைட்ல எகானமியே கிடையாது, பிரீமியம் எகானமிதான் கடைசி வகுப்பு. பணமும் மிச்சம்.

வான்பித்தன்
ராஜன் அண்ணே, ஏ340 காலத்துலயே போனவர் நீங்க, உங்ககிட்ட கேக்க நிறைய இருக்கு. ஆனா இதுல எனக்கு வேற கருத்து. கிமீ கணக்குல 1,150தான் கூட, நேரத்துல 23, 24 மணி நேரம் ஆயிடும். ஃபிராங்க்ஃபர்ட்லேருந்து நியூயார்க் மேற்க போறது, அட்லாண்டிக் மேல நான் சொன்ன அதே ஜெட் ஸ்ட்ரீம் முகத்துல அடிக்கும், 6,200 கிமீக்கு 8½ மணி நேரத்துக்கு மேல புடிக்கும். நடுவுல எறங்கறதுன்னா சும்மா நடக்கறது இல்ல, கைப்பைய மொத்தமா எடுத்துக்கிட்டு எறங்கி, செக்யூரிட்டில மறுபடி நின்னு, கேட் தேடிப் போய் ஏறணும். தனியா போற அம்மாவுக்கு, இங்கிலீஷ் எவ்வளவு வரும்னு தெரியல, அது ஒரு பதட்டம். அதுவும் உடம்பு நல்ல தூக்கத்துல இருக்கற நேரத்துல.

இப்ப ஓடறது ஏ350-900யூஎல்ஆர், உலகத்துலயே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்கிட்ட மட்டும்தான் இருக்கு, மொத்தம் 7. சாதாரண ஏ350-900ல 1,41,000 லிட்டர் பிடிக்கும், இதுல 1,65,000 லிட்டர், தனியா டேங்க் எதுவும் வைக்காம இருக்கற டேங்குலயே கூட நிரப்பற மாதிரி மாத்தியிருக்காங்க. அந்த எடைக்காக சீட்ட குறைச்சு மொத்தம் 161 பேர்தான், 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. கேபின் அழுத்தமும் 6,000 அடி உயரத்துல இருக்கற மாதிரிதான் வச்சிருப்பாங்க, பழைய விமானங்கள்ல 8,000 வரைக்கும் போகும், மூச்சு விடறதுக்கும் களைப்புக்கும் அது பெரிய வித்தியாசம்.

அக்கா சீட் போடறப்ப ஒண்ணு பண்ணுங்க. பிரீமியம் எகானமி 2-4-2ன்னு இருக்கும், கடைசி மூணு வரிசைல மட்டும் உடம்பு குறுகிறதால ஜன்னல் பக்கம் ஒத்தை சீட். பக்கத்துல யாரும் இல்ல, யாரையும் எழுப்பாம எந்திரிச்சு நடக்கலாம், பக்கத்துல பொருள் வைக்க இடமும் இருக்கும். முழங்கால் வலிக்காரங்களுக்கு அத விட நல்ல சீட் அந்த வகுப்புல இல்ல. சீக்கிரம் போயிடும், பிடிச்சுடுங்க.

எடிசன்_குமார்
நான் எடிசன்லதான் இருக்கேன், தரை சமாச்சாரம் நான் சொல்றேன். நியூயார்க்குக்கு சிங்கப்பூர்லேருந்து ரெண்டு எடத்துக்கு நேர் ஃபிளைட் இருக்கு, ஒண்ணு ஜேஎஃப்கே, இன்னொண்ணு நெவார்க். 15,350 கிமீ பறந்து வர்றவங்களுக்கு ரெண்டுக்கும் நடுவுல இருக்கற 33 கிமீ ஒண்ணுமே இல்ல, எங்களுக்கு அதுதான் எல்லாம். நெவார்க்லேருந்து எடிசன் அரை மணி நேரம், டிராஃபிக் இருந்தா முக்கால் மணி. ஜேஎஃப்கேலேருந்துன்னா பெல்ட் பார்க்வே புடிச்சு, வெரசானோ பாலம் ஏறி, ஸ்டேட்டன் ஐலண்ட குறுக்க கடந்து, மறுபடி ஒரு பாலம் தாண்டி ஜெர்சி வரணும். காலைல 7 மணிக்கு எறங்கினா இமிக்ரேஷன் முடிச்சு வெளில வர்ற நேரம் ஆஃபீஸ் டிராஃபிக், 2 மணி நேரம் சாதாரணமா ஆகும், பாலத்துக்கு டோல் வேற. 18½ மணி நேரம் உக்காந்து வந்தவங்கள மறுபடி 2 மணி நேரம் கார்ல உக்கார வைக்கணும். ஏழெட்டு மாச கர்ப்பத்தோட தங்கச்சி வந்து நிக்கப் போறாங்கன்னா சொல்லவே வேணாம். நெவார்க் போடுங்கக்கா.

செல்வி_ஈசூன்
குமார் இத நான் யோசிக்கவே இல்ல, டிக்கெட் தேடறப்ப நியூயார்க்னு அடிச்சதும் ஜேஎஃப்கேதான் முதல்ல வந்துச்சு. இன்னொரு கேள்வி, அம்மா இத ரகசியமா கேக்கறாங்க. கடல் மேல அவ்வளவு நேரம், ரெண்டே எஞ்சின், ஒண்ணு நின்னுட்டா?

வான்பித்தன்
அம்மாகிட்ட தைரியமா சொல்லுங்க, ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணுல போகும். சும்மா ஆறுதலுக்கு சொல்லல, விதியே அப்படித்தான். ரெண்டு எஞ்சின் விமானம் எந்த நிமிஷத்துலயும் ஒத்தை எஞ்சின்ல பறந்து குறிப்பிட்ட நேரத்துக்குள்ள ஒரு ஏர்போர்ட்ல போய் இறங்கற மாதிரிதான் ரூட் போடணும், ஈடாப்ஸ்னு சொல்வாங்க. ஏ350-900க்கு ஐரோப்பிய அதிகாரிகள் 370 நிமிஷம் வரைக்கும் அனுமதி குடுத்திருக்காங்க. வட பசிபிக் வழியில ஹொக்கைடோ இருக்கு, அலூஷியன் தீவுகள்ல ஷெம்யா இருக்கு, கோல்ட் பே இருக்கு, ஆங்கரேஜ் இருக்கு. கிளம்பறதுக்கு முன்னாடியே அங்கெல்லாம் மழையா பனியா, ரன்வே திறந்திருக்கான்னு டிஸ்பேச்சர் பாத்துட்டுத்தான் பேப்பர்ல கையெழுத்து போடுவாரு. முன்னாடி நாலு பைலட் இருப்பாங்க, ரெண்டு ரெண்டு பேரா மாத்தி மாத்தி தூங்கி எழுந்து ஓட்டுவாங்க.

அம்மாவுக்கு ஜன்னல் சீட் கிடைச்சா இதையும் சொல்லி அனுப்புங்க. ராத்திரி சிங்கப்பூர்ல கிளம்பறப்ப இருட்டு, ஜப்பானுக்கு கிழக்க போறப்ப சூரியன் வரும், ஆனா விமானம் சூரியனுக்கு எதிர்ல ஓடறதால பகல் சுருங்கிடும், இலையுதிர் காலத்துல ஏழெட்டு மணி நேரத்துலயே மறுபடி இருட்டிடும், அலாஸ்கா கனடா மேல இன்னொரு ராத்திரி, அது முடியறப்ப நியூயார்க். ஒரே பயணத்துல ரெண்டு ராத்திரி. முதல் ராத்திரி தூங்கணும், ரெண்டாவதுலயும் கொஞ்சம் தூங்கினாத்தான் எறங்கினதும் பகல தாங்க முடியும்.

மயூரி_ரொறன்ரோ
வணக்கம் செல்வி அக்கா. நான் ரொறன்ரோவில நர்ஸா வேலை செய்யிறன். அம்மாவுக்கு சீனி வருத்தம் எண்டபடியா ஒரு விசயம் கட்டாயம் சொல்லவேணும். அவ இன்சுலின் போடுறவவோ, இல்லாட்டி குளிசை மட்டுமோ? இன்சுலின் எண்டால் வெளிக்கிட முதல் டொக்டரோட கதைச்சு, எத்தினை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எவ்வளவு எண்டு எழுதி வாங்குங்கோ. 12 மணித்தியாலம் மாறேக்க காலமைக் குளிசை, இரவுக் குளிசை எண்டு பிரிச்சுப் பாக்கேலாது, கடைசியாப் போட்டதில இருந்து எத்தினை மணித்தியாலம் எண்டுதான் பாக்கோணும். அம்மாவின்ர கைக்கடிகாரத்தை இறங்கும் வரைக்கும் சிங்கப்பூர் நேரத்திலயே விடுங்கோ. இன்சுலினைக் கீழ போற பெட்டிக்குள்ள வைக்கவேண்டாம், உறைஞ்சு பழுதாப் போகும், கைப்பையில டொக்டற்ற கடிதத்தோட இருக்கட்டும்.

மற்றது கால். 2007 இல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வில, 4 மணித்தியாலத்துக்கு மேல அசையாமல் இருந்து பயணம் செய்யிற ஆக்களுக்கு காலில ரத்தம் கட்டியாகிற ஆபத்து ரெண்டு மடங்குக்கு மேல கூடுது எண்டு சொல்லியிருக்கினம். 6,000 பேரில ஒருத்தருக்கு எண்ட கணக்குத்தான், பயப்படத் தேவையில்லை, ஆனால் வயசும் முழங்கால் வருத்தமும் இருக்கிறபடியா கவனம் வேணும். ஒண்டரை, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி நடக்கச் சொல்லுங்கோ, இருக்கேக்க குதிக்காலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லுங்கோ, தண்ணி குடிக்கச் சொல்லுங்கோ. எங்கட அம்மாக்கள் கக்கூசுக்கு எழும்பவேணும் எண்டு தண்ணியே குடிக்காமல் இருப்பினம், அதுதான் எனக்குப் பெரிய கவலை.

செல்வி_ஈசூன்
மயூரி, எங்கம்மா அப்படியேதான். மாத்திரைதான் போடறாங்க, இன்சுலின் இல்ல, ஆனாலும் பாலிகிளினிக்ல கேட்டு எழுதி வாங்கிடறேன். கடிகாரத்த மாத்தாம விடற யோசனை ரொம்ப நல்லா இருக்கு. மனசார நன்றி.

அம்பத்தூர்_தீபக்
நடுவுல என் கேள்வி ஒண்ணு. சென்னைலேருந்து அமெரிக்காவுக்கு நேர் ஃபிளைட் இல்லல்ல, நம்ம ஆளுங்க சிங்கப்பூர் வந்து இந்த நேர் ஃபிளைட்ட பிடிச்சா லாபமா?

வான்பித்தன்
வேணாம் தீபக், எதிர் திசைல போறீங்க. சென்னை–நியூயார்க் வளைகோட்டு தூரம் 13,400 கிமீக்கு கொஞ்சம் மேல. துபாய் வழியா போனா 2,900 + 11,000, மொத்தம் 13,900 பக்கம், கிட்டத்தட்ட நேர் வழி மாதிரிதான். சிங்கப்பூர் வந்தா 2,900 கிமீ கிழக்க பறந்துட்டு அதுக்கப்புறம் 15,350. மொத்தம் 18,250. துபாய், தோஹா, அபுதாபி வழில நம்ம ஊர்க்காரங்க போறது சும்மா பழக்கத்துனால இல்ல, மேப்லயே அதுதான் வழி.

டெல்லி வழியா போறவங்க மட்டும் டிக்கெட் போடறப்ப வான்வழி நிலவரம் பாத்துக்கங்க. 2025 ஏப்ரல்ல இந்திய விமானங்களுக்கு பாகிஸ்தான் வான்வழிய மூடினாங்க, டெல்லிலேருந்து அமெரிக்கா போற ஃபிளைட்டெல்லாம் சுத்திட்டுப் போக வேண்டியதாச்சு, சிலது வியன்னால நின்னு எரிபொருள் போட்டுட்டுப் போச்சு. ஆஸ்திரேலியாவுலயும் இதேதான், பெர்த்–லண்டன் 14,500 கிமீ நேரா போயிட்டு இருந்தாங்க, 2024ல ஈரான் பக்கத்த தவிர்க்க வேண்டி வந்ததும் போற வழில சிங்கப்பூர்ல இறங்கி எரிபொருள் போட்டுக்கிட்டாங்க. அவ்வளவு நீளமான ரூட்டுக்கு டேங்குல மிச்சம்னு பெருசா ஒண்ணும் இருக்காது, கொஞ்சம் சுத்து வந்தாலும் நடுவுல நின்னே ஆகணும். 2023 ஜூன்ல டெல்லி–சான் ஃபிரான்சிஸ்கோ விமானம் எஞ்சின் கோளாறுல ரஷ்யாவோட மகடான்ல இறங்கி 200க்கு மேல பயணிங்க அங்க தங்க வேண்டி வந்துச்சு, மாத்து விமானம் வந்துதான் கூட்டிட்டுப் போச்சு. எந்த நாட்டு மேல பறக்கறோம்ங்கறது சும்மா மேப் விஷயம் இல்ல.

ராஜன்_புக்கிட்பாத்தோக்
தம்பி சொன்னது எல்லாம் ஒத்துக்கறேன், ஆனாலும் 18½ மணி நேரம் ஒரே சீட்டுல வயசானவங்கள உக்கார வைக்க எனக்கு மனசு வரல. நாங்க போனப்ப 40 வயசு, அதுக்கே பதினாலாவது மணி நேரத்துக்கு அப்புறம் கால் மரத்துப் போகும், புத்தகம் படிச்சாலும் எழுத்து மண்டைல ஏறாது. இப்ப சிட்னி–லண்டன் 17,000 கிமீ, 20 மணி நேரத்துக்கு மேல நேரா பறக்க ஆஸ்திரேலியாவோட குவாண்டாஸ் கம்பெனிக்காரங்க ஏ350-1000 வாங்கறாங்க, 2027ல ஓடும்னு சொல்றாங்க. அதுல எந்திரிச்சு நின்னு கை கால் நீட்டறதுக்குன்னே நடுவுல ஒரு இடம் விட்டிருக்காங்க. கம்பெனிக்காரனே அது வேணும்னு உணர்ந்திருக்கான் பாருங்க. செல்வி, எதுக்கும் டாக்டர்கிட்ட முழங்காலப் பத்தியும் கேட்டுடுங்க.

செல்வி_ஈசூன்
ராஜன் அண்ணே, நீங்க சொன்னதுக்காகவே டாக்டர்கிட்ட தனியா கேட்டேன், நடந்துட்டே இருந்தா நேர் ஃபிளைட் பரவால்லன்னு சொல்லிட்டாங்க, முழங்கால் வரைக்கும் போடற இறுக்கமான சாக்ஸ் அளவெடுத்துக் குடுத்தாங்க. அம்மாகிட்ட ஃபிராங்க்ஃபர்ட் பத்தியும் சொன்னேன், ஒரு தடவ உக்காந்தா உக்காந்ததுதான், நடுவுல என்ன எழுப்பி எறக்காதன்னுட்டாங்க. நெவார்க் நேர் ஃபிளைட் போட்டாச்சு. கடைசி வரிசைல ஒத்தை ஜன்னல் சீட் ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, பிடிச்சுட்டேன். வீல்சேருக்கும் சொல்லியாச்சு, இந்திய சைவ சாப்பாடும் போட்டாச்சு. திரும்பறது ஜனவரில, ஜேஎஃப்கேலேருந்து ராத்திரி ஃபிளைட், அதுதான் விலை குறைவா வந்துச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி 10½க்கு ஏறறாங்க, சனிக்கிழமை நான் போய் கூட்டிட்டு வரணும், லீவு சொல்ல வேண்டியதில்ல.

எடிசன்_குமார்
அக்கா சனிக்கிழமை இல்ல, ஞாயித்துக்கிழமை! வெள்ளி ராத்திரி 10½ இங்க, அப்ப உங்களுக்கு ஏற்கனவே சனி காலை. அதுலேருந்து 18½, 19 மணி நேரம் கூட்டுங்க, ஞாயிறு விடியக்காலைதான் வரும். டிக்கெட்டுல இறங்கற நேரத்துக்குப் பக்கத்துல சின்னதா +2ன்னு இருக்கும் பாருங்க.

இன்னொண்ணு, போறப்ப 12 மணி நேர வித்தியாசம், வர்றப்ப 13. நவம்பர் முதல் ஞாயிறு இங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க, மார்ச் ரெண்டாவது ஞாயிறு வரைக்கும் அப்படியே இருக்கும், சிங்கப்பூர்ல மாத்த மாட்டாங்க. அம்மாவோட மாத்திரை சீட்டு ரெண்டு தனித்தனியா எழுதுங்க, போறதுக்கு ஒண்ணு வர்றதுக்கு ஒண்ணு. ஜனவரில ஜேஎஃப்கேவுக்கு பனி பெய்ஞ்சா ரன்வேக்கு போறதுக்கு முன்னாடி இறக்கைல பனி கரைக்கற மருந்து அடிக்க நிறுத்துவாங்க, அதுக்கே சில நாள் ஒரு மணி நேரம் போகும், கைப்பைல ரெண்டு வேளை மாத்திரை கூடவே வச்சு அனுப்பச் சொல்லுங்க தங்கச்சிகிட்ட.

செல்வி_ஈசூன்
ஐயோ நல்ல வேளை சொன்னீங்க, ஞாயிறுன்னு இப்பவே காலண்டர்ல எழுதிட்டேன். ரெண்டு சீட்டு எழுதறேன். வான்பித்தன் தம்பி, அம்மா கிளம்பற அன்னிக்கு எந்த வழியா ரூட் போட்டிருக்காங்கன்னு முன்னாடியே பாக்க முடியுமா? பையன் குளோப்ல நூல் கட்டி வச்சுட்டு காத்துட்டு இருக்கான்.

வான்பித்தன்
கிளம்பறதுக்கு சில மணி நேரம் முன்னாடிதான் காத்துக்கணக்கு பாத்து ரூட் முடிவாகும். கிளம்பினதும் ஃபிளைட் ட்ராக்கர்ல நம்பர் போட்டா விமானம் ஓடறது தெரியும், நடுக்கடல்ல சில நேரம் கோடு மறைஞ்சிடும், சிக்னல் பிடிக்கற ஆன்டெனா அங்க கம்மி, பயப்பட வேணாம். ஜப்பான் தாண்டினதும் கிரவுண்ட் ஸ்பீட பையன எழுதி வைக்கச் சொல்லுங்க, 1,000 கிமீய எப்ப தாண்டுதுன்னு பாத்து இங்க போடட்டும்.